ரொக்கத்தில் தங்கம் வாங்குவதும் அதற்குக் கணக்கு வைப்பதும்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நகையைத் தேர்ந்தெடுத்து, எடை போட்டு, சேதாரத்தில் கொஞ்சம் குறைத்துப் பேசி முடித்து, பையிலிருந்து நோட்டுக்கட்டை எடுக்கும் நேரத்தில் சில கடைகளில் ஒரு கேள்வி வரும். "பில் போடலாமா சார், எஸ்டிமேட்டிலேயே முடிச்சுக்கலாமா? மூணு பர்சென்ட் மிச்சம்." எஸ்டிமேட் என்பது ஜி.எஸ்.டி. வரி இல்லாமல் எழுதித் தரும் துண்டுச்சீட்டு; மிச்சம் என்பது அந்த வரி. முதல் முறையாகத் தங்கம் வாங்குகிறவர் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார். ரொக்கம் கொடுத்துத் தங்கம் வாங்குவதில் சட்டப்படி எந்தத் தவறும் இல்லை. ஆனால் வங்கி வழியாகப் பணம் செலுத்தினால் வங்கியே ஒரு பதிவை வைத்திருக்கிறது; ரொக்கம் கொடுத்தால் அந்தப் பதிவை நாமே உண்டாக்கி, நாமே காப்பாற்ற வேண்டியிருக்கிறது. அதை எப்படிச் செய்வது என்பதைக் கடைக்குப் போகும் முன்பிருந்து தொடங்கி எழுதுகிறேன்.

முதலில், கையில் இருக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்று எழுதி வையுங்கள். வங்கியில் எடுத்த பணம் என்றால் கணக்குப் புத்தகத்தில் அந்த வரியின் நகல் போதும்; ஆனால் எடுத்த தேதிக்கும் நகை வாங்கிய தேதிக்கும் இடையே ஓராண்டு இடைவெளி இருந்தால், அதுவரை அந்தப் பணம் வீட்டில்தான் இருந்தது என்பதை நம்பும்படி சொல்ல ஒரு ரொக்கக் குறிப்பேடு வேண்டும். ஒரு சாதாரண நோட்டில் தேதி, வந்த வழி, வரவு, செலவு, மீதி என்று ஐந்து பத்திகள் கோடிட்டால் அதுவே ரொக்கக் குறிப்பேடு. விளைச்சல் விற்ற பணம் என்றால் வியாபாரி கொடுத்த எடைச்சீட்டு, நில ஆவணங்களான சிட்டா, அடங்கல் ஆகியவற்றின் நகல் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். விவசாய வருமானத்துக்கு வருமான வரி விலக்கு உண்டு என்றாலும், அது விவசாய வருமானம்தான் என்று காட்டும் பொறுப்பு நம்முடையது. சீட்டுப் பணம் என்றால் பதிவுபெற்ற சீட்டு நிறுவனத்தின் பாஸ் புத்தகம் நல்ல சான்று. தெருவில் ஒருவர் நடத்தும் சீட்டுக்கு அந்த வலிமை கிடையாது.

மொய்ப் பணத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்களில் ரொக்கமாகத் தங்கம் வாங்கும் பணத்தில் கணிசமான பகுதி அதுதான். மொய் நோட்டு என்பது பலரும் நினைப்பதைவிட மதிப்புள்ள ஆவணம். பெயர், ஊர், தொகை எல்லாம் அந்தந்த நேரத்திலேயே எழுதப்பட்டது என்பதே அதன் பலம். திருமணத்தில் மணமக்களுக்கு வரும் அன்பளிப்புக்கு, கொடுத்தவர் உறவினராக இருந்தாலும் இல்லாவிட்டாலும், வரி கிடையாது. ஆனால் இந்த விலக்கு மணமக்களின் திருமணத்துக்கு மட்டுமே உரியது. காதுகுத்து, பூப்புனித நீராட்டு, புதுமனை புகுவிழா ஆகியவற்றில் சட்டம் உறவினர் என்று வரையறுத்தவர்கள் அல்லாத பிறரிடமிருந்து வந்த அன்பளிப்பு ஓராண்டில் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், அது வருமானமாகக் கருதப்படும். ஆகையால் மொய் நோட்டைப் பரணில் போடாமல், வரவுத் தொகையை ஒருமுறை கூட்டி, எந்த விசேஷத்துக்கு வந்தது என்று முதல் பக்கத்தில் எழுதி வைப்பது நல்லது.

பணத்தைக் கடைக்குக் கொண்டுபோகும்போதும் கவனம் வேண்டும். தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருக்கும் வாரங்களில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டு செல்பவர், அது எதற்கான பணம் என்பதற்கு ஆவணம் காட்ட முடியாவிட்டால், பறக்கும் படையினர் அதைப் பறிமுதல் செய்வார்கள். மகள் திருமணத்துக்கு நகை எடுக்கப் புறப்பட்டு, பாதி வழியில் பணத்தை ஒப்படைத்துவிட்டுத் திரும்பிய குடும்பங்கள் ஒவ்வொரு தேர்தலிலும் இருக்கின்றன. வங்கியில் பணம் எடுத்த சீட்டின் நகலும் கல்யாணப் பத்திரிகையும் பணத்தோடு அதே பையில் இருக்கட்டும்.

2 லட்சம் என்ற கோடு

ஒருவரிடமிருந்து ஒரே நாளில், அல்லது ஒரே கொள்முதலுக்காக, அல்லது ஒரே நிகழ்ச்சியை ஒட்டிய கொள்முதல்களுக்காக 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறக் கூடாது என்பது 2017 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதி. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் இது 269எஸ்டி என்ற பிரிவாக இடம்பெற்றது. மீறினால் பெற்ற தொகைக்குச் சமமான தொகையே தண்டம். அது பணத்தை வாங்கியவர் மீது விழும். அதனால்தான் நேர்மையான கடைக்காரர் 2 லட்சத்தைத் தொட்டவுடன் ரொக்கத்தை மறுக்கிறார்.

இந்த விதி வந்தபோது ஒரு சவரன் ஆபரணத் தங்கம் 22,000 ரூபாயை ஒட்டி இருந்தது. 2 லட்சத்துக்குள் ஒன்பது சவரன் அடங்கிற்று. 2025 டிசம்பரில் சென்னையில் சவரன் விலை ஒரு லட்சத்தைத் தாண்டியபோது, அதே எல்லைக்குள் சேதாரமும் வரியும் சேர்ந்த இரண்டு சவரன் சங்கிலிகூட அடங்கவில்லை. வசதி படைத்தவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட ஒரு கோடு, தொகை மாறாமல் நிற்பதாலேயே இன்று நடுத்தரக் குடும்பத்தின் வாசலுக்கு வந்து நிற்கிறது. ஆகவே "நாம் வாங்குவது கொஞ்சம்தானே" என்ற நினைப்பை விட்டுவிட வேண்டும்.

எல்லையைத் தாண்டாமலிருக்க ஒரே நகைக்கு இரண்டு பில் போடலாம் என்றோ, காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று பிரிக்கலாம் என்றோ யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். ஒரே நாள் என்பதும் ஒரே நிகழ்ச்சி என்பதும் விதியிலேயே எழுதப்பட்டிருப்பது இத்தகைய பிரிப்பைத் தடுப்பதற்காகத்தான்; ஒரு திருமணத்துக்கு வெவ்வேறு நாளில் ஒரே கடையில் வாங்கியதும் ஒன்றாகவே எண்ணப்படலாம். இதற்கு நேர்வழி எளிது: ரொக்கப் பகுதியை 2 லட்சத்துக்குக் கீழே நிறுத்திக்கொண்டு, மீதியை வங்கி வழியாகச் செலுத்தி, இரண்டு தொகையும் பில்லில் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மேலும், எந்த வழியில் பணம் கொடுத்தாலும் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கொள்முதலுக்கு பான் எண் தர வேண்டும் என்ற விதி 2016 ஜனவரியில் கொண்டுவரப்பட்டது. கடைக்குப் போகும்போது பான் அட்டையின் நகல் ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

கடையில் பார்க்க வேண்டியவை

ஒரு சவரன் என்பது 8 கிராம். கணக்குப் புரிவதற்காக 22 காரட் கிராம் விலையை 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 8 கிராம் சங்கிலி, சேதாரம் 10 சதவீதம், செய்கூலி 500 ரூபாய். சேதாரத்தோடு 8.800 கிராமுக்கு 1,05,600, செய்கூலி சேர்த்து 1,06,100, அதற்கு ஜி.எஸ்.டி. 3 சதவீதம் 3,183. ஆக 1,09,283 ரூபாய். இதற்கு மேல் ஹால்மார்க் கட்டணம், அதாவது தூய்மையைச் சோதித்து முத்திரையிடுவதற்கான கட்டணம், ஒரு நகைக்கு 45 ரூபாயும் அதன் வரியும். இந்தக் கணக்கைக் கடைக்காரர் போடுவதற்கு முன் நீங்கள் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். எங்கே பேரம் பேசலாம் என்பது அப்போதுதான் தெரியும். பேரத்துக்கு இடம் இருப்பது சேதாரத்திலும் செய்கூலியிலும் மட்டுமே.

கல் வைத்த நகையில் மூன்று எடைகள் உண்டு. மொத்த எடை 20.450 கிராம், கல் எடை 2.150, நிகரத் தங்க எடை 18.300 என்று மூன்றும் பில்லில் தனித்தனியாக வர வேண்டும். மொத்த எடைக்குத் தங்க விலை போட்டு, அதற்கு மேல் கல்லுக்கும் தனியாக விலை போடுவது பழைய தந்திரம். விற்கும் நாளில் கல்லைக் கழற்றி எடை போடும்போதுதான் பலருக்கு அது தெரியவருகிறது.

நகையில் இருக்க வேண்டிய முத்திரைகள் மூன்று: பி.ஐ.எஸ். எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முக்கோண முத்திரை, 22கே916 போன்ற தூய்மைக் குறி, ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகத் தரப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்.யூ.ஐ.டி. எண். 2023 ஏப்ரல் 1 முதல் ஹெச்.யூ.ஐ.டி. இல்லாத ஹால்மார்க் நகையைக் கடையில் விற்கக் கூடாது. சங்கிலி என்றால் கொக்கிக்குப் பக்கத்து வளையத்திலும், வளையல் என்றால் உட்புறத்திலும், வெறும் கண்ணுக்குப் புலப்படாத அளவில் பொறித்திருப்பார்கள். பூதக்கண்ணாடி கேளுங்கள், கொடுப்பது கடையின் கடமை. எண்ணைப் பார்த்தவுடன் கைப்பேசியில் பி.ஐ.எஸ். கேர் செயலியைத் திறந்து அதைத் தட்டினால், நகைக்கடையின் பெயர், சோதித்த மையம், நகையின் வகை, தூய்மை ஆகியவை தெரியும். கையில் இருப்பது மோதிரம், செயலி காட்டுவது வளையல் என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இரண்டு கிராமுக்குக் குறைவான நகைகளுக்கும், தங்கக் காசு, கட்டி ஆகியவற்றுக்கும் இந்தக் கட்டாயம் இல்லை. அவற்றில் உருக்காலையின் முத்திரையையும், உறையோடு வரும் சான்றையும், 995 அல்லது 999 என்ற தூய்மைக் குறியையும் பாருங்கள். உறையைப் பிரிக்காமல் வைத்திருப்பதும் ஒரு சான்றுதான்.

இப்போது அந்த எஸ்டிமேட் கேள்விக்கு வருவோம். மேலே போட்ட கணக்கில் பில் இல்லாமல் வாங்கினால் மிச்சமாவது 3,183 ரூபாய். அதே நகையைச் சில ஆண்டுகள் கழித்து 1,50,000 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்த தங்கத்தின் லாபத்துக்கு, 2024 ஜூலை 23 முதல், 12.5 சதவீத வரி. பில் இருந்தால் ஏறத்தாழ 40,700 ரூபாய்தான் லாபம், வரி சுமார் 5,100. வாங்கிய விலையை நிறுவ முடியாமல் போய், விற்ற தொகை முழுவதும் லாபமாகக் கொள்ளப்பட்டால் வரி 18,750. இதுகூடப் போகட்டும்; ஹால்மார்க் தூய்மையில் குறை இருந்தால், குறைந்த தூய்மைக்கான தொகையைப்போல் இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் இழப்பீடாகப் பெற பி.ஐ.எஸ். விதிகள் வாங்கியவருக்கு உரிமை தருகின்றன. துண்டுச்சீட்டை வைத்துக்கொண்டு அந்த உரிமையைக் கேட்க முடியாது. ஆகவே பில் போடச் சொல்லுங்கள். மறுத்தால் அந்தக் கடையை விட்டு வெளியே வாருங்கள்.

பில்லில் பணம் கொடுத்தவரின் பெயரே இருக்க வேண்டும். அப்பா பணம், மகன் பெயரில் பில், மருமகள் கழுத்தில் நகை என்றால் பின்னால் மூன்று பேரும் விளக்கம் சொல்ல நேரும். அதோடு பில் எண், தேதி, கடையின் ஜி.எஸ்.டி. எண், நகை ஒவ்வொன்றின் விவரம், நிகர எடை, தூய்மை, அன்றைய கிராம் விலை, சேதாரம், ஹால்மார்க் கட்டணம், ரொக்கமாகப் பெற்ற தொகை ஆகியவை உள்ளனவா என்று கடையிலேயே படித்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்த பிறகு கண்டுபிடிக்கும் பிழையைத் திருத்துவது கடினம்.

தெரிந்தவரிடம் தனிப்பட்ட முறையில் வாங்கும்போது

பக்கத்து வீட்டுக்காரர் மருத்துவச் செலவுக்காக நகையை விற்கிறார், கடையில் கொடுத்தால் கழிவு போகும், உங்களுக்கும் சேதாரம் மிச்சம். இந்த நிலையில் இரு தரப்புக்கும் நன்மை உண்டு என்பது உண்மைதான். நியாயமான விலை என்பது நிகர எடையை அன்றைய கிராம் விலையால் பெருக்கி வருவது. சேதாரமும் செய்கூலியும் இதில் சேராது. ஆனால் 2 லட்சம் என்ற ரொக்க எல்லை கடைகளுக்கு மட்டும் உரியதன்று. வீட்டில் இருந்து விற்கிறவரையும் அது கட்டுப்படுத்துகிறது. அவருக்கு உதவுவதாக நினைத்து மூன்று லட்சம் ரொக்கம் கொடுத்தால், அவரைத் தண்டத்துக்கு ஆளாக்குகிறோம்.

அடுத்து, சொல்லை நம்பாமல் சோதித்துப் பாருங்கள். மதுரை தெற்கு ஆவணி மூல வீதியோ, கோவை ராஜ வீதியோ, சென்னை சௌகார்பேட்டையோ, நகைத் தொழில் நெருக்கமாக நடக்கும் பகுதிகளில் தங்கத்தைச் சோதித்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள், பி.ஐ.எஸ். அங்கீகாரம் பெற்ற மையமாகப் பார்த்து, விற்கிறவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். அங்கே தூய்மையை அளக்கும் எக்ஸ்ரே கருவி நகையின் மேற்பரப்பை மட்டுமே படிக்கும் என்பதால் முகப்பு, கொக்கி, பற்றவைத்த இடம் என்று இரண்டு மூன்று இடங்களில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே அரக்கு நிரப்பிய வளையலில் அரக்கின் எடையைக் கழிக்க வேண்டும். பழைய நகையில் "கே.டி.எம்." என்றோ வெறும் "916" என்றோ இருப்பது தூய்மைக்கு உத்தரவாதம் ஆகாது, கே.டி.எம். என்பது காட்மியம் என்ற உலோகத்தை வைத்துப் பற்றவைக்கும் முறையின் பெயரிலிருந்து வந்தது. தங்கக் கட்டியில் இன்னும் கவனம் தேவை. டங்ஸ்டன் என்ற உலோகத்தின் அடர்த்தி தங்கத்தின் அடர்த்தியோடு ஏறக்குறைய ஒத்துப்போவதால், எடையையும் அளவையும் மட்டும் பார்த்து ஏமாந்துவிட முடியும்.

நகை விற்கிறவருடையதுதானா என்பது அதைவிட முக்கியம். திருட்டு நகை என்று பின்னால் தெரிந்தால் காவல்துறை அதை உங்களிடமிருந்து மீட்டுச் செல்லும். திருட்டு என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்கியிருந்தால் அது குற்றமும் ஆகும். ஆகவே அவர் வாங்கிய பில்லைக் கேளுங்கள். அதில் உள்ள கடையின் பெயரும் ஹெச்.யூ.ஐ.டி. எண் செயலியில் காட்டும் கடையின் பெயரும் ஒன்றானால் மனம் நிம்மதி அடையலாம். பில் இல்லை, அவசரம், விலையும் சந்தையைவிட மிகக் குறைவு என்ற மூன்றும் ஒன்றாக வந்தால் வாங்காதீர்கள்.

பிறகு ஒரு ரசீது எழுதிக்கொள்ள வேண்டும். வெள்ளைத்தாளில் கையால் எழுதினால் போதும். நான் பயன்படுத்தும் வாசகம் இது: "இன்ன முகவரியில் வசிக்கும் நான், எனக்குச் சொந்தமானதும் இன்ன கடையில் இன்ன தேதியிட்ட இன்ன எண் பில்லின்படி வாங்கியதுமான 22 காரட் தங்கச் சங்கிலி ஒன்றை, நிகர எடை 8.120 கிராம், ஹெச்.யூ.ஐ.டி. எண் இன்னது, இன்று இன்னாருக்குக் கிராம் இவ்வளவு வீதம் மொத்தம் ரூபாய் இவ்வளவுக்கு விற்று, அத்தொகை முழுவதையும் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன். இந்த நகை அடகிலோ வழக்கிலோ பங்குத் தகராறிலோ இல்லை." தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, ஒரு ரூபாய் வருவாய் முத்திரை ஒட்டி, அதன்மேல் கையெழுத்து விழும்படி வாங்குங்கள். 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகையைப் பெற்றதற்கான ரசீதுக்கு அந்த முத்திரை தேவை. இரண்டு சாட்சிகள், விற்கிறவரின் அடையாள அட்டை நகல், பழைய பில்லின் மூலப் பிரதி ஆகியவற்றை இணைத்துவிட்டால் வேலை முடிந்தது. நெருங்கிய உறவினரிடம் இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். எனக்கும் இருந்தது, என் சித்தியிடம் வாங்கியபோது, "உங்களுக்கும் ஒரு பிரதி இருக்கட்டும் சித்தி, நாளைக்கு இந்தப் பணம் ஏது என்று உங்களைத்தான் கேட்பார்கள்" என்று சொன்னபோது அவரே பேனாவை வாங்கி எழுதினார்.

வீட்டில் வைக்கும் பதிவு

பில்லைப் பத்திரமாக நகைப்பெட்டியிலேயே வைத்திருந்தோம், ஒரு நெக்லசுக்கு. சில ஆண்டுகள் கழித்து எடுத்துப் பார்த்தபோது கடையின் பெயர் அச்சிட்ட சிவப்பு முகப்பு மட்டும் பளிச்சென்று இருந்தது. எடையும் விலையும் தேதியும் இருந்த இடம் சோற்றுக்கஞ்சி காய்ந்த துணிபோல வெளுத்துப்போய், ஓரத்தில் மட்டும் ஓர் இலக்கம் மங்கலாகத் தெரிந்தது. வெப்பத்தால் அச்சாகும் தாள் அது. பிளாஸ்டிக் உறையில் போட்டால் இன்னும் சீக்கிரம் வெளுத்துவிடும். கடையில் மறுபிரதி கேட்டோம்; பழைய கணக்குகள் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அன்று முதல் நகை வீட்டுக்கு வந்த நாளே பில்லை ஜெராக்ஸ் எடுத்து, கைப்பேசியிலும் படம் பிடித்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது.

ஒரு கெட்டி அட்டை நோட்டை நகைப் பதிவேடாக வைத்துக்கொள்ளுங்கள். நகை ஒன்றுக்கு ஒரு பக்கம். வாங்கிய தேதி, யாருடையது, மொத்த எடை, நிகர எடை, ஹெச்.யூ.ஐ.டி., கடையும் பில் எண்ணும், விலை, ரொக்கம் எவ்வளவு, அந்த ரொக்கம் ரொக்கக் குறிப்பேட்டில் எந்தப் பக்கத்தில் வரவு வைத்தது என்பதெல்லாம் அதில் வரட்டும். கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வரிதான் பணத்தையும் நகையையும் இணைக்கிறது. பெரும்பாலோர் விட்டுவிடுவதும் அதைத்தான். நகையை எடைத்தட்டில் வைத்து, எண் தெரியும்படி ஒரு படம் எடுத்து ஒட்டலாம். அடகு வைத்தால் வைத்த தேதி, மீட்ட தேதி, கடன் எண் ஆகியவற்றையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். பதிவேட்டை நகையோடு ஒரே லாக்கரில் வைக்காதீர்கள். களவு போனால் இரண்டும் சேர்ந்தே போய்விடும்.

பில்லே இல்லாத பரம்பரை நகைகளையும் இதில் ஏற்றுங்கள். பாட்டியின் காசுமாலைக்குப் பில் இருக்காது. யாரிடமிருந்து, எப்போது, எந்த நிகழ்ச்சியில் வந்தது என்று எழுதி, வீட்டுப் பெரியவர் இருக்கும்போதே கையெழுத்து வாங்கி, அவர் அதை அணிந்திருக்கும் பழைய கல்யாணப் புகைப்படத்தின் பிரதியைச் சேர்த்து வையுங்கள். வழிவழியாக வந்த நகையை விற்கும்போது முந்தைய உடைமையாளரின் விலையே நமக்கும் விலையாகும். 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கியதென்றால் அந்தத் தேதியின் சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம்.

திருமணமான பெண்ணுக்கு 500 கிராம், திருமணமாகாத பெண்ணுக்கு 250, ஆணுக்கு 100 என்று ஓர் அளவு பேச்சில் அடிபடும். அது வைத்திருக்க அனுமதித்த உச்சவரம்பு என்று பலர் அஞ்சுகிறார்கள். 1994இல் மத்திய நேரடி வரிகள் வாரியம் தன் அதிகாரிகளுக்குக் கொடுத்த அறிவுறுத்தல் அது: சோதனையின்போது இந்த அளவு வரை உள்ள நகையைக் கைப்பற்ற வேண்டாம் என்பதே அதன் பொருள். வந்த வழியைக் காட்ட முடிந்தால் எவ்வளவு தங்கமும் வைத்திருக்கலாம். காட்ட முடியாவிட்டால் விளக்கமில்லாத உடைமையாகக் கருதி உயர்ந்த வீதத்தில் வரி விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

பழைய நகையைக் கொடுத்துப் புதியது வாங்கும் நாளில் இந்தப் பதிவேட்டைக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். வரிச் சட்டத்தின் கண்ணில் அது ஒரு விற்பனையும் ஒரு கொள்முதலும் ஆகும். எனவே பழைய நகையின் எடை, தூய்மை, அதற்குப் போட்ட விலை ஆகியவை புதிய பில்லில் தனி வரியாக வர வேண்டும். "பழசு போக மீதி" என்று ஒற்றைத் தொகை எழுதித் தந்தால் மாற்றி எழுதச் சொல்லுங்கள். வீடு திரும்பியதும் பழைய நகையின் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடிட்டு, எந்தத் தேதியில் எந்த பில்லில் கழிந்தது என்று எழுதி, புதிய நகைக்கு அடுத்த பக்கத்தைத் தொடங்குங்கள். பழைய பில்லை மட்டும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அந்த ஆண்டின் வரிக் கணக்குக்கு அதுதான் தேவைப்படும்.